பாதி அடைப்புக்கு நானே போட்ட ஓ.கே.

முதலில் வலித்தது பல். இதய நோயைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் பல்லில் ஆரம்பிக்கிறானே என்று நினைக்காதீர்கள். எனக்கும் அதே எரிச்சல்தான். இடது பக்கம், கீழ்த்தாடை, கடைசிக் கடைவாய்ப் பல். கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து எங்கள் ஷெட்டுக்கு நல்ல தூரம். அதை வேகமாக நடந்தால் பல் வலிக்கும். நின்றால் வலியும் நின்றுவிடும்.

என் பெயர் தணிகாசலம். வீடு மணிமங்கலம். ஒரகடத்தில் கார்களுக்கு அலாய் சக்கரம் வார்க்கும் கம்பெனி ஒன்றில் எக்ஸ்ரே இன்ஸ்பெக்டர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்பதில் எனக்கும் என் மனைவி மல்லிகாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. என்னைப் போலவே ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புரிந்தது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. முட்டாள்தனம் எப்படி நடக்கும் என்று சொல்ல முழுத் தகுதி உண்டு.

படப்பையில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்னப் பையன் போல இருந்தார். தட்டிப் பார்த்தார், குளிர்ந்த தண்ணீர் அடித்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பல்லு நல்லா இருக்கு சார். நடந்தா வலிக்கிற பல்ல நான் பார்த்ததே இல்ல. போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடுங்க."

பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்தால் வேறு எதையோ பிடுங்கப் பார்க்கிறாரே என்று எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்தப் பல் டாக்டரும் ஒரு காரணம். பிறகு ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. பல்லைக் காட்டியதும் ஞாபகம் வந்துவிட்டது.

ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. எக்கோவிலும் (ஒலியலை மூலம் இதயத்தின் அசைவைப் பார்க்கும் சோதனை) ஒன்றும் இல்லை. பிறகு டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பல் வலித்தது. அங்கிருந்த டெக்னீஷியனிடம் பல் வலிக்கிறது என்றேன். நெஞ்சு எப்படி இருக்கிறது என்றார். நெஞ்சு நன்றாக இருக்கிறது, பல்தான் வலிக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மிஷினை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

டாக்டர் அமுதாவை நான் சந்தித்தது அப்படித்தான். இதய மருத்துவர். குள்ளமாக இருப்பார், வேகமாகப் பேசுவார், நோயாளி பேச ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்பார். இதயத்துக்குப் போதிய ரத்தம் போகாவிட்டால் சிலருக்கு நெஞ்சுக்குப் பதில் தாடையிலும் வலி தெரியும் என்றார். அடுத்து சி.டி. ஆஞ்சியோ (கை நரம்பில் மருந்து ஏற்றி, இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களை வெளியிலிருந்தே படம் எடுப்பது) எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மிஷினைப் பார்த்ததும் எனக்கு ஒரு தொழில்முறைப் பாசம் வந்தது. எங்கள் கம்பெனியில் சக்கரம் சுற்றும், எக்ஸ்ரே நிற்கும். இங்கே நான் படுத்திருக்கிறேன், மிஷின் சுற்றுகிறது. ஏறும் மருந்தால் உடம்பெல்லாம் சூடாகும், பேன்டிலேயே சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே தோன்றியது. போகவில்லை. இருந்தாலும் இறங்கும்போது ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

படத்தை வைத்துக்கொண்டு டாக்டர் நிறையச் சொன்னார். இதயத்தின் முன்பக்கக் குழாயில் ஒரு பிளேக் (குழாயின் சுவருக்குள் சேரும் கொழுப்புத் திட்டு) இருக்கிறது. சுண்ணாம்பு படிந்து இறுகிய திட்டு அல்ல, மென்மையான திட்டு. குழாய் உள்ளே பாதிதான் குறுகியிருக்கிறது. ஆனால் திட்டு வெளிப்பக்கமாகவும் வீங்கியிருக்கிறது. பார்வைக்கு அவ்வளவு நல்ல ரகமாகத் தெரியவில்லை. இன்றே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், இந்த வாரமே சேர்ந்துவிட்டால் குழாய்க்குள்ளேயே போய்ப் பார்த்துவிடலாம். உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் வந்துவிட வேண்டும்.

இத்தனையும் சொன்னார். நான் கேட்டது 'பாதிதான்' என்ற ஒரே சொல்லை.

ஏன் என்று சொல்ல என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் குழி விழும். வெளியே பார்த்தால் சக்கரம் பளபளவென்று மணமகன் மாதிரி இருக்கும். உள்ளே குழி இருக்கும். அந்தக் குழியை எக்ஸ்ரேயில் கண்டுபிடித்து, அளந்து, எல்லைக்குள் இருந்தால் ஓ.கே., தாண்டினால் ரிஜெக்ட், சந்தேகம் என்றால் ஹோல்டு என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஹோல்டு என்றால் மஞ்சள் அட்டை கட்டிக் கூண்டில் வைத்துவிடுவார்கள். நான் ஓ.கே. போட்ட சக்கரங்கள் இந்தியச் சாலைகளில் உருண்டுகொண்டிருக்கின்றன. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஆக, பாதி அடைப்பு என்றதும் எவ்வளவு குழி வரை விடலாம் என்று காட்ட எங்கள் ரூமில் மாட்டியிருக்கும் எல்லைப் படம் என் மண்டைக்குள் வந்து நின்றது. பக்கத்து ஷெட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஏழுமலைக்கு முக்கால்வாசி அடைத்திருந்தது, அவர் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விடுவதில்லை. அவருக்கு முக்கால், எனக்கு அரை. நானே எனக்கு ஓ.கே. போட்டுக்கொண்டேன்.

போதாதற்குக் கம்பெனியில் கஸ்டமர் ஆடிட் வேறு வந்துகொண்டிருந்தது. கார் கம்பெனிக்காரர்கள் வந்து ஷெட் ஷெட்டாகத் துருவுவார்கள். எக்ஸ்ரே நாற்காலியில் நான் இல்லாவிட்டால் கம்பெனி கவிழ்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை. டாக்டரிடம், ஆடிட் முடியட்டும் மேடம், வந்து படுத்துக்கொள்கிறேன் என்றேன். எங்கள் தொழிலில் எல்லையைக் கொஞ்சம் தாண்டிய சரக்கைக் கஸ்டமரிடம் கேட்டு, கையெழுத்து வாங்கி அனுப்புவது உண்டு. அந்த மாதிரி ஒரு சலுகையைத்தான் நான் கேட்டேன். இந்தக் கஸ்டமர் கொடுக்கவில்லை.

"நீங்க தள்ளிப்போடலாம் சார். அந்தத் திட்டு தள்ளிப்போடுமான்னு எனக்குத் தெரியாது," என்றார்.

மல்லிகாவிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் நான் சொல்லவில்லை. மாத்திரையையும் ஆடிட் முடிந்த பிறகு, புதுக் கணக்காக, முறையாக ஆரம்பிக்கலாம் என்று கம்பெனி லாக்கரில் வைத்துவிட்டேன்.

ஆடிட் நடந்த அன்று காலை ஷிஃப்ட். எக்ஸ்ரே ரூமில் ஏ.சி. உண்டு, மிஷினுக்காக. அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கும்போது பல் வலிக்க ஆரம்பித்தது. நடக்கவில்லை, ஓடவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கழுத்து வழியாக வேர்வை இறங்கிச் சட்டைக்குள் போனது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வந்து என்ன செய்ய? எக்ஸ்ரே நாற்காலியை விட்டு எழுந்தால் லைன் நிற்கும். மாற்று ஆள் வந்து, கைமாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஷெட்டின் பழக்கம். ஒன்றுக்குப் போவதென்றாலும் அப்படித்தான்.

ஜெபராஜுக்குச் சொல்லி அனுப்பினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன், எனக்கு அடுத்த இன்ஸ்பெக்டர். வந்ததும் நான் தாடையைப் பிடித்துக்கொண்டு முறைப்படி ஒப்படைக்கத் தொடங்கினேன். மூன்றாம் நம்பர் அச்சில் வருவதை நன்றாகப் பார்த்துக்கொள், நடுப்பகுதியில் குழி வருகிறது, ஆடிட்காரர்கள் கேட்டால் போன வாரமே அச்சு மாற்றச் சொல்லிவிட்டோம் என்று சொல். அவன் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஒம்ம மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. சக்கரம் எங்கயும் போவாது. எந்திரியும்."

எழுந்தேன். அடுத்த அடி வைப்பதற்குள் அவன் தோளில் சாய்ந்துவிட்டேன்.

கம்பெனி மருத்துவ அறையில் இருந்த சிஸ்டர் ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார், ஈ.சி.ஜி. எடுத்தார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஸ்ட்ரெச்சரோடு கூடவே சேஃப்டி மேனேஜர் ஓடி வந்தார். ஆடிட் நாளில் விபத்து நடந்தால் அவர் கதை கந்தல். ஏதாவது மேலே விழுந்ததா, வழுக்கியதா, மிஷின் இடித்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நெஞ்சு என்று சிஸ்டர் சொன்னதும் அந்த மனிதர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். "அப்ப நம்ம ஆக்சிடென்ட் இல்ல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, எனக்கு டாட்டா காட்டினார்.

ஆஸ்பத்திரியில் டிரோபோனின் (இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் ஒரு பொருள்) பார்த்தார்கள். கொஞ்சம் கூடியிருந்தது. மல்லிகா சமையல் கட்டிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். முந்தானையில் மஞ்சள் கறை. என்னைத் திட்டப் போகிறாள் என்று தயாராக இருந்தேன். அவள் என் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

உள்ளே கொண்டுபோனார்கள். ஆஞ்சியோ செய்யும் அறை எங்கள் எக்ஸ்ரே ரூம் மாதிரியே குளிர். தலைக்கு மேல் வளைந்து நிற்கும் பெரிய மிஷினின் ஓரத்தில் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமப் பொட்டு. ஆயுத பூஜை முடிந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. எங்கள் மிஷினுக்கும் நான்தான் பொட்டு வைத்திருந்தேன். இவர்களும் வைத்திருக்கிறார்கள் என்றதும் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல மனசு கொஞ்சம் அடங்கியது.

மணிக்கட்டில் ஊசி போட்டு மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். மயக்கம் கிடையாது. திரை என் கண்ணுக்குத் தெரிந்தது. மருந்து பாயும்போது ரத்தக் குழாய்கள் கறுப்பாகக் கிளை கிளையாக வந்து மறைந்தன. முன்பக்கக் குழாயில் ஓர் இடம் ஒடுங்கியிருந்தது. பார்த்தவுடனே அளந்துவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"மேடம், பாதிதான்," என்றேன்.

"பேசாதீங்க," என்றார் டாக்டர் அமுதா.

பிறகு ஓ.சி.டி. (ஒளியைக் கொண்டு குழாயின் சுவரை உள்ளிருந்தே படம் எடுப்பது) செய்தார்கள். முடி போன்ற ஒரு கம்பியின் நுனியில் ஒளி சுற்றிக்கொண்டே வரும். ரத்தம் மறைக்காமல் இருக்க ஒரு வீச்சு மருந்தைப் பாய்ச்சி, அது விலகும் நேரத்துக்குள் கம்பியைப் பின்னால் இழுத்துவிடுவார்கள். இதற்கே வேறு முறையும் உண்டு என்று டாக்டர் பிறகு விளக்கினார். ஒலியை வைத்துப் பார்த்தால் திட்டு எவ்வளவு ஆழம் என்று தெரியும், இன்னொரு வகை ஒளியை வைத்துப் பார்த்தால் அதில் எவ்வளவு கொழுப்பு என்று தெரியும். ஆனால் மேல்தோல் எவ்வளவு மெல்லிசு என்பதைக் காட்ட இதுதான் தேவலை.

திரையில் குறுக்கே வெட்டிய வெங்காயம் போல என் ரத்தக் குழாய் வந்தது. ஒரு பக்கம் வட்டம் வட்டமாக ஒழுங்காக இருந்தது. இன்னொரு பக்கம் மங்கலாக, கலங்கிய நிழல். அதன் மேல் ஒரு மெல்லிய கோடு. டாக்டர் படத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த நிழல்தான் கொழுப்பு. மேல இருக்கிற கோடுதான் தோல். முடியவிட மெல்லிசா இருக்கு. இங்க பாருங்க, கிழிஞ்சிருக்கு. அது மேல ரத்தம் உறைய ஆரம்பிச்சிருக்கு. எவ்ளோ அடைப்புன்னு நீங்க கேக்கறீங்க. தோல் எவ்ளோ மெல்லிசுன்னு நான் கேக்கறேன்."

மேஜையில் மல்லாந்து கிடந்தபடியே எனக்குச் சுரீர் என்றது. இது எனக்குத் தெரிந்த விஷயம். சக்கரத்தின் ஆழத்தில் பெரிய குழி இருந்தால்கூட ஒரு வேளை தாங்கும். மேல்தோலை ஒட்டி ஒரு சின்னக் குழி இருந்தால் போச்சு. கடைசல் பிடிக்கும்போது தோல் போகும், குழி வாய் திறக்கும், டயரில் காற்று நிற்காது. அளவை மட்டும் பார்க்காதே, எங்கே இருக்கிறது என்று பார் என்று புதுசாக வரும் பையன்களை நான் கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு, என் நெஞ்சுக்கு வரும்போது மட்டும் அளவைப் பார்த்து ஓ.கே. போட்டிருக்கிறேன்.

எனக்குத் தெரியும் மேடம், எங்கள் சக்கரத்திலும் இப்படித்தான் என்று ஆரம்பித்தேன். ரத்தக் குழாய்க்குள் கம்பியோடு ஒருவர் நிற்கும்போது நான் அலுமினியம் வார்ப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் பேசாதீங்க என்றார்கள். இந்த முறை குரல் கொஞ்சம் உயர்ந்தது.

கிழிந்த இடத்தில் ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்கும் கம்பி வலைக் குழல்) வைத்தார்கள். மறுபடியும் ஒளியை விட்டு, வலை சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். வேலை முடிந்தும் இன்ஸ்பெக்‌ஷன் செய்கிறார்கள் என்பதைப் பார்த்து எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியது.

மறுநாள் டாக்டர் வார்டுக்கு வந்தபோதுதான் உண்மையான குண்டு விழுந்தது. கொஞ்சம் கீழே இன்னொரு திட்டு இருக்கிறது. அதற்கும் தோல் மெல்லிசு. கிழியவில்லை. அடைப்பும் பெரிசாக இல்லை. அதை அப்படியே விட்டிருக்கிறோம் என்றார்.

விட்டிருக்கிறோம் என்றால்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணால் பார்த்துவிட்டு எப்படி விடுவீர்கள், அங்கேயும் ஒரு வலையை வைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். மல்லிகா என் கையை அழுத்தினாள், மரியாதையாகப் பேசு என்று.

டாக்டர் கோபப்படவில்லை. "இந்த மாதிரி எல்லாத் திட்டும் கிழியாது சார். நிறைய அப்படியே அடங்கிடும். எது கிழியும்னு படத்தப் பார்த்து உறுதியா சொல்ற அளவுக்கு நாங்க இன்னும் வரல. வலை வச்சா அதுக்குன்னு தனி ஆபத்து இருக்கு. உங்களுக்கு இப்ப மாத்திரைதான் நல்லது. கொழுப்பக் குறைக்கும், தோலத் தடிக்க வைக்கும். ஆனா அத லாக்கர்ல வச்சா வேலை செய்யாது."

லாக்கர் சங்கதி இவருக்கு எப்படித் தெரிந்தது? ஜெபராஜ். என் துணிமணியை எடுக்க லாக்கரைத் திறந்தவன், பிரிக்காத மாத்திரைப் பட்டையைக் கொண்டுவந்து மல்லிகாவிடம் கொடுத்திருக்கிறான். மல்லிகா அதை டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். வரிசையாக எல்லோரும் எனக்குத் துரோகம் செய்திருந்தார்கள்.

அடுத்து எப்போது உள்ளே பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு வருஷம் கழித்து, அதுவும் வெளியிலிருந்து சி.டி. மட்டும் என்றார். மாதா மாதம் உள்ளே விட்டுப் பார்க்கலாமே என்றேன். ரத்தக் குழாய் என்ன ஒரகடம் ரோடா, போகவும் வரவும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஹோல்டு. சந்தேகமான சரக்கைக் கூண்டில் வைக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் நடந்துகொண்டதை எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். பி.பி. பார்க்கும் மிஷின் வாங்கினேன். விரலில் மாட்டும் கிளிப் வாங்கினேன். ஓசூரில் வேலை செய்யும் மகன் நாடி காட்டும் வாட்ச் ஒன்றை அனுப்பினான். நாடியை மூன்றும் மூன்று விதமாகக் காட்டின. எது சரி என்று பார்க்க மூன்றையும் திரும்பத் திரும்ப மாட்டினேன். தும்மல் வந்தால் மெதுவாகத் தும்மினேன். அதிர்ச்சி ஆகாது என்று சொல்லி வீட்டில் குக்கர் விசிலுக்குத் தடை போட்டேன். மல்லிகா பானையில் சோறு வடித்தாள். கிரிக்கெட் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு நாயிடம்கூடக் குரைக்காதே என்று தன்மையாகக் கேட்டுப் பார்த்தேன்.

பார்க்க வந்தவர்கள் வேறு. ஒருவர் பூண்டு என்றார், ஒருவர் மருதம்பட்டை என்றார். மல்லிகாவின் அண்ணன், என் மச்சான், ஆரஞ்சுப் பழத்தை நீட்டிவிட்டு, ஸ்டென்ட் வைத்த பிறகு போய்ச் சேர்ந்தவர்களின் கதையை ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் திடீர்தான் மச்சான், கஷ்டமே தெரியாது என்று ஆறுதலும் சொன்னார். அவர் கிளம்பியதும் மூன்று மிஷினையும் மாட்டிப் பார்த்தேன். மூன்றும் அபூர்வமாக ஒரே எண்ணைக் காட்டின. அது மோசமான எண்ணாக இருந்தது.

ஒரு மாலை மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவள் முழங்கால் பற்றி என்று நினைக்கிறேன். கொஞ்சம் இரு, ரீடிங் வருது என்றேன். கை விரலில் கிளிப் மாட்டியிருந்தது. அவள் அதைக் கழற்றினாள். வாசலுக்குப் போனாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஈரத் துண்டுக்கு அதை மாட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"உள்ள இன்னா கீது, உள்ள இன்னா கீதுன்னு பாத்துக்கினே கீறியே. வெளிய நான் ஒருத்தி கீறேன். என்னிய எப்பயா பாப்ப?"

அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் மதியம் தூங்கும்போதெல்லாம் அவள் எதிரே உட்கார்ந்து என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு உள்ளே ஒரு திட்டு என்றால், அது என் உடம்பில் மட்டும் இல்லை. இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

கிளிப்பை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். துண்டின் ஈரத்தில் கெட்டுப் போயிருந்தது. புதுசு வாங்கவில்லை.

வேலைக்குத் திரும்பினேன். எக்ஸ்ரே நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்ததும் தோலை ஒட்டித் தெரியும் சின்னப் புள்ளி எல்லாம் எனக்கு எமனாகத் தெரிந்தது. முதல் வாரமே ரிஜெக்ட் கூண்டு நிரம்பி வழிந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் ஷெட்டுக்கு ஓடி வந்தார். ஜெபராஜ் என்னைத் தேநீருக்குக் கூட்டிப்போய், ஒமக்கு நெஞ்சுல வந்ததுக்குச் சக்கரம் என்ன செய்யும் அண்ணாச்சி, அது மேல ஏன் பழி வாங்குறீரு என்று கேட்டான். பாவம், அவன் கேட்டது நியாயம். எல்லைப் படத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு வேலையை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தேன்.

மாத்திரையை விடவில்லை. நடக்க ஆரம்பித்தேன், முதலில் தெருமுனை வரை, பிறகு ஏரிக்கரை வரை. பயம் போகவில்லை. வேலை, நடை, சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் நடுவில் அதுவும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது. சில நாள் மறந்தேபோனேன். மறந்துவிட்டோமே என்று ஞாபகம் வந்ததும் பயந்தேன்.

ஒரு வருஷம் முடிந்தது. மறுபடியும் அதே சி.டி., அதே சூடு. டாக்டர் அமுதா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மல்லிகா என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டாவது திட்டு சின்னதாகியிருக்கிறது, கொழுப்பு குறைந்து கொஞ்சம் இறுகியிருக்கிறது, இறுகுவது நல்லது என்றார். தோலின் கனத்தை இந்தப் படத்தில் அளக்க முடியாது, ஆனால் போகிற திசை சரி என்றார்.

"அப்ப இனிமே கிழியாதா மேடம்?"

"அப்படி யாராலயும் எழுதித் தர முடியாது சார். என் நெஞ்சுக்கும் யாரும் எழுதித் தரல."

ஓ.கே. என்றும் சொல்லவில்லை, ரிஜெக்ட் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து லிஃப்டுக்கு நிற்கும்போது பார்த்தால் எனக்குப் பசித்தது. ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். ரிப்போர்ட்டை அவள் பையில் வைத்தாள், நான் கேட்கவில்லை.

படம் நன்றாக வந்தால் ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்தே வருவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக வாய் திறக்கவில்லை. சொன்னால் நான் முடியாது என்பேனாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச் செருப்பும் பட்டுப் புடவையுமாகக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் கூட்டுரோடு வந்து இறங்கி நடந்தோம். என்னைவிட அவள் வேகம். புதுக் கார்களை ஏற்றிய நீள நீள லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. வெயில் ஏறியிருந்தது.

பாதி தூரத்தில் அவள் சட்டென்று நின்றாள். ஒரு கையால் சாலையோர மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மூச்சு வாங்கியது. முகம் சுருங்கியிருந்தது.

இவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது? ஒரு படம்கூட எடுத்துப் பார்த்ததில்லையே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு ஈ.சி.ஜி. உண்டா இவளுக்கு? சுற்றிலும் பார்த்தேன். ரோடு, வெயில், லாரி. இந்த ஒரு வருஷம் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

நெஞ்சா, நெஞ்சு வலிக்குதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"நெஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. செருப்பு கடிக்குதுயா."

ஓரத்தில் ஒரு சிறுபாலக் கட்டை இருந்தது. அதில் அவளை உட்கார வைத்து, கீழே குந்தி, செருப்பைக் கழற்றிப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். குதிகாலில் ஒரு கொப்புளம். மேலே மெல்லிய தோல், உள்ளே நீர். கிழியவில்லை. வெளியே, கண்ணுக்கு எதிரே, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அவள் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் காட்டி, குத்தி நீரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், வுடு. தானா அடங்கிடும். செத்த நேரம் ஒக்காரலாம்."

நானும் கட்டையில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் காலை இழுத்து மறுபடியும் என் மடியில் வைத்துக்கொண்டேன். கூச்சப்பட்டாள், லாரிக்காரர்கள் பார்ப்பார்கள் என்றாள், ஆனால் எடுக்கவில்லை. அவள் கணுக்காலில் நாடி துடிப்பது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று எனக்குத் தெரியாது.